எடைக்கல் இளைத்த கதை

அந்த எடைமேடைக்கு ஒரு காலத்தில் ஏழு இரும்பு எடைக்கற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோ. தினமும் காலை எட்டு மணிக்கு ஏழையும் மேடையில் அடுக்கி, வெளியே உயரத்தில் இருக்கும் சிவப்பு எண் பலகையில் நூற்று நாற்பது வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் லாரியை ஏற விடுவார்கள். ஒருநாள் பழைய இரும்பு ஏற்ற வந்த ஆட்கள் அந்த ஏழையும் சேர்த்து லாரியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். லாரி அதே மேடையில் ஏறி, எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டது. சீட்டு எழுதிக் கொடுத்தவர் நம் கதாநாயகர். முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் ஒரு வார்த்தையை விட்டார்.

"சார், நான் நூத்தி நாப்பதுதான் சார்."

முதலாளி குதிப்பதை நிறுத்தினார். "ஏறு பார்க்கலாம்" என்றார். ஏறினார். பலகையில் 140.

அன்றிலிருந்து இருபது வருஷம் அவரே எடைக்கல். அலுவலகச் சுவரில் 'அளவு: 140' என்று வெள்ளை பெயிண்டில் எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு அவருடைய நாற்காலியைக் காட்டியிருந்தார்கள். காலை எட்டுக்கு அவர் மேடையின் நடுவில் போய் நிற்பார். எதிர்க் கட்டடத்தின் மாடி ஜன்னலிலிருந்து முதலாளி எண் பலகையைப் பார்ப்பார், தலையாட்டுவார், வேலை தொடங்கும். டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் 'எடைக்கல் அண்ணன்'. அவருக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன். வீட்டுக்குப் போனால் மனைவியிடம் மார்தட்டுவார்: "எந்த மெஷின் வேணா பொய் சொல்லும், நம்ம மெஷின் சொல்லாது."

மனைவி அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டார். பின்னால் அது இவர் தலையிலேயே விடிந்தது.

மனைவியிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கியது. வாங்கிய அன்றே இருவரும் ஏறிக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்புவதற்குள் பின் டயர் பட்டென்று வெடித்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. சிரிக்காதவர்கள் வீட்டுக்குள் போய்ச் சிரித்தார்கள். வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினால், ஏற்றக்கூடிய மொத்த பாரம் நூற்று நாற்பது கிலோ என்று போட்டிருந்தது. அதாவது அவர் ஒருவர் ஏறினால் வண்டி நிரம்பிவிடும், ஓட்டுவதற்கு ஆள் ஏற முடியாது. அன்று முதல் மனைவி ஸ்கூட்டரிலும் அவர் பஸ்ஸிலும் போனார்கள். கல்யாணமோ சினிமாவோ, ஒரே இடத்துக்குத் தனித்தனியாகப் போய்ச் சேரும் தம்பதி அவர்கள். பஸ் ஜன்னலில் அவர் உட்கார்ந்திருக்கும்போது சில நாள் ஸ்கூட்டர் தாண்டிப் போகும். மனைவி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஒருமுறை தூக்கிக் காட்டுவார். அந்தக் கை மறையும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போவார்.

வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு அவர் சம்மதித்தது அதற்காகத்தான். மூட்டு வலி, மூச்சுத் திணறல், குறட்டை என்று டாக்டர் அடுக்கிய காரணங்களுக்கெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். மனைவி ஐம்பது கிலோ. நூற்று நாற்பதில் ஐம்பது போனால் தொண்ணூறு. அதுதான் அவர் போட்ட கணக்கு. முதலாளியிடம் "வயித்துல ஆபரேஷன்" என்று சொல்லி லீவு எடுத்தார். முதலாளி குடல்வால் என்று நினைத்துக்கொண்டு "நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வா" என்றார்.

திரும்பி வந்தபோது அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிய மனிதர். மதியச் சாப்பாடு ஒரு சின்ன டப்பா. முதலில் முட்டை, மீன், பருப்பு. அதற்குப் பிறகு இடம் இருந்தால் காய்கறி. அதற்கும் பிறகு இடம் இருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு. அந்த இடம் இருந்ததே இல்லை. காப்பி கலக்குகிற குட்டி ஸ்பூனால் ஒரு வாய் எடுத்து, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, முப்பது முறை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், முடிந்து அரை மணி கழித்தும் மடக்கு மடக்காகக் குடிக்கலாம். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. குமிழி விடும் குளிர்பானத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. போதாதற்கு வயிறு நிறைந்துவிட்டால் அவருக்கு ஒரு தும்மல் வரும். சிலருக்கு அப்படி வருமாம். டாக்டரே சொன்னார். தும்மினால் கடை சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் தும்மல் காற்றில் கலப்பதற்குள் மனைவி தட்டை எடுத்துவிடுவார்.

"ஏம்மா, இது தூசித் தும்மல்!"

"தூசியா வயிறான்னு எனக்குத் தெரியும். எழுந்திருங்க."

ஜலதோஷம் பிடித்த ஒரு வாரம் அவர் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

இரண்டாவது மாதம் ஒரு காலை மேடையில் ஏறினார். அந்தப் பலகை பத்துப் பத்தாகத்தான் காட்டும். 130 என்று காட்டியது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"யோவ்! மெஷின் கெட்டுப் போச்சு!"

"இல்ல சார், நான் இளைச்சுட்டேன்!"

"எல்லாரும் அப்படித்தான்யா நெனைச்சுக்கறாங்க!" என்று சொல்லிவிட்டு முதலாளி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வந்தார். இவரை ஏறச் சொல்லி, பெட்டியைத் திறந்து எதையோ திருகி, 140 வரவழைத்துவிட்டுப் போனார். "எனக்கும் தெரியுதுண்ணே. ஆனா அவர் நூத்தி நாப்பது வரணும்னு சொல்றார். வர வச்சுட்டேன்" என்று காதோடு சொன்னார். காலி மேடை பூஜ்யம்தான் காட்டியது. ஏறியது எல்லாம் கொஞ்சம் பெருத்துக் காட்டியது.

இப்படியே மாதங்கள் ஓடின. அவர் பத்து கிலோ இறங்குவார். மெக்கானிக் வந்து ஏற்றிவிட்டுப் போவார். எடைக்கல் அண்ணன் இளைக்க இளைக்க லாரிகளெல்லாம் குண்டாகிக்கொண்டே போயின.

அங்கே வரும் லாரிகள் ஜல்லி ஏற்றுபவை. தாண்டிப் போக வேண்டிய ஆற்றுப் பாலத்தில் பதினாறு டன்னுக்கு மேல் விடமாட்டார்கள், சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டில் எடை கூடக் கூட, டிரைவர்கள் மேடைக்குப் பக்கத்திலேயே ஜல்லியை வாரிக் கொட்டிவிட்டுப் போனார்கள். முதலில் அது ஒரு குவியல். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு குன்று. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர் அதில் ஏறி இறங்கத் தொடங்கினார். இவர் இளைத்ததால் குன்று வளர்ந்தது, குன்றில் ஏறியதால் இவர் இன்னும் இளைத்தார்.

காரணம் தெரிந்ததும் டிரைவர்கள் கூடிப் பேசினார்கள். மறுநாள் மதியம் ஆளுக்கொரு பொட்டலத்துடன் வரிசையில் நின்றார்கள். வறுத்த கோழி, கேக், வாழைப்பழம், பிஸ்கட்.

"அண்ணே, எங்களுக்காக ஒரு பத்து கிலோ ஏறுங்கண்ணே."

"தம்பிகளா, என் வயிறு இப்போ ஒரு முட்டை சைஸ்."

"அப்போ ரெண்டு முட்டை சாப்பிடுங்க!"

அவர் தன் டப்பாவைத் திறந்து, ஒரு வாய் எடுத்து மெல்லத் தொடங்கினார். டிரைவர்கள் சுற்றி நின்று முப்பது வரை எண்ணினார்கள். ஐந்தாவது வாயில் தும்மல் வந்தது. டப்பாவை மூடினார். "அவ்வளவுதானா!" என்று ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தேவிட்டார். எல்லோரிலும் மூத்த டிரைவர் சர்க்கரை அள்ளிப் போட்ட பால் ஒரு டம்ளர் நீட்டினார். அந்த வயிற்றுக்குச் சர்க்கரை ஆகாது, ஆனாலும் பெரியவர் நீட்டியதைத் தட்ட முடியாமல் அரை டம்ளர் குடித்தார். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கண் இருட்டி, பெஞ்சில் சாய்ந்துவிட்டார். எடைக்கல்லைக் கொன்றுவிட்டோம் என்று பயந்துபோய் ஆளுக்கொரு பக்கம் விசிறினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவர் முன்னால் வாழைப்பழம் கூட உரிக்கவில்லை.

அடுத்த யோசனை, எடை குறைந்த அளவுக்குப் பாக்கெட்டில் ஜல்லியைப் போட்டுக்கொண்டு ஏறுவது. மூன்று நாள் நன்றாகத்தான் நடந்தது. நான்காம் நாள் மேடையில் நிற்கும்போது பேன்ட் நழுவி ஜல்லி கலகலவென்று கொட்டியது. சத்தம் கேட்டு, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே மாடியிலிருந்து முதலாளி கத்தினார்: "எடையில ஏமாத்து வேலையா? என் மேடையிலயா?" அந்த மேடையில் நின்ற இருபது வருஷத்தில் முதல் தடவையாக எடைக்கல் அண்ணனுக்கு அவமானமாக இருந்தது.

அதைவிடப் பெரிய கொடுமை வீட்டில் நடந்தது. பதினான்காம் மாதம் ஆஸ்பத்திரி மெஷின் தொண்ணூறு காட்டியது. அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்து, பொக்கிஷம் போல மனைவியிடம் கொண்டுவந்து நீட்டினார். மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஆஸ்பத்திரி மெஷின் ஆறுதல் சொல்லும்ங்க. உங்க மெஷின் என்ன சொல்லுது?"

அவர் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"சொல்லுங்க. பொய்யே சொல்லாத மெஷின் இன்னைக்கு என்ன காட்டுச்சு?"

"நூத்தி நாப்பது."

"அது தொண்ணூறு காட்டட்டும், வண்டியில ஏத்திக்கறேன். இன்னொரு தடவை அந்தத் தெருமுனையில நான் நிக்கமாட்டேன்."

சட்டை தொளதொளவென்று தொங்குவது மனைவிக்குத் தெரியாமலில்லை. அந்தச் சட்டைகளை நான்கு முறை பிடித்துத் தைத்தவரே அவர்தான். ஆனால் பதினோரு வருஷத்துப் பயம் சட்டையைப் பார்த்துப் போய்விடுமா? கணவருக்கு அழுகை வந்தது. அழுதால் மூக்கு ஒழுகும், மூக்கு ஒழுகினால் தும்மல் வரும், தட்டு போய்விடும் என்று அடக்கிக்கொண்டார்.

அந்த மாதம்தான் முத்திரை ஆய்வாளர் வரும் நாள் வந்தது. எடை மெஷின்களைச் சோதித்து அரசு முத்திரை குத்துகிறவர் அவர். அதற்கு முதல் நாளே எடைக்கல் அண்ணன் மனைவியிடம், "நாளைக்கு நீயே வந்து உன் கண்ணால பாரு" என்று சொல்லிவைத்தார்.

ஆய்வாளர் ஒரு வேனில் ஐம்பது இரும்புக் கற்களுடன் வந்தார். சரியாக ஆயிரம் கிலோ. மேடையில் அடுக்கினார்கள். பலகை 1560 காட்டியது. ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கீழே இறங்கி வந்திருந்த முதலாளி கொஞ்சமும் அசராமல், "மெஷின் சரிதான். உங்க கல்லுதான் குண்டாயிடுச்சு" என்றார். மெக்கானிக் அழாக்குறையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, திருகியதையெல்லாம் திருப்பித் திருகினார். பலகை 1000 என்றது. ஆய்வாளர் முத்திரை குத்தினார்.

"இருங்க, நம்ம கல்லை வச்சுப் பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார் முதலாளி.

இரும்புக் கற்களை இறக்கியதும் எடைக்கல் அண்ணன் ஏறினார். சிவப்பு எழுத்தில் 90.

"பார்த்தீங்களா, மறுபடியும் கெட்டுப் போச்சு!"

"மெஷின் சரிங்க. ஆளைப் பாருங்க" என்றார் ஆய்வாளர்.

பதினான்கு மாதத்தில் முதல் முறையாக முதலாளி பலகையிலிருந்து கண்ணை இறக்கி அவரைப் பார்த்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருய்யா இது?"

"நான்தான் சார்."

"என்னய்யா, உடம்பு சரியில்லையா?"

"இப்போதான் சார் சரியாயிருக்கு."

முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டார். ஆய்வாளரிடம், "இவரை நூத்தி நாப்பதுக்கு முத்திரை குத்த முடியுமா?" என்று கேட்டார். ஆய்வாளர் வேனில் ஏறிப் போய்விட்டார். முதலாளி இவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு மாசம் லீவு எடுத்துக்க. நல்லா சாப்பிடு. நூத்தி நாப்பதோட வா. இல்லைன்னா என் மச்சான் நூத்தி அம்பது இருக்கான், அவனை நிறுத்திக்கறேன். அளவு இல்லாம மேடை நடத்த முடியாது. மதியம் பார்க்கறேன், நீ யோசிச்சு சொல்லு."

சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். இவர் மேடையிலேயே நின்றார். யோசிக்க என்ன இருக்கிறது? வேலை போனாலும் போகட்டும், இனி ஒரு கிலோ ஏறுவதாக இல்லை. ஆனாலும் இருபது வருஷம் நின்ற இடம், கால் இறங்க மறுத்தது.

குன்றைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டர் வந்தது. மனைவி இறங்கி அண்ணாந்து பார்த்தார். 90.

"ஒரு காலை வெளியில வச்சிருக்கீங்களா?"

"ரெண்டு காலும் உள்ளதான்."

"எங்கயாவது சாய்ஞ்சிருக்கீங்களா?"

"சாயறதுக்கு இங்க என்ன இருக்கு?"

மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. விறுவிறுவென்று மேடையில் ஏறி வந்து, குனிந்து அவருடைய கால்களைச் சுற்றிப் பார்த்தார், பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார்.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"நூத்தி நாப்பது! சரியாயிடுச்சு பாருய்யா! நான் சொல்லல?"

முதலாளியின் கண் பழையபடி பலகையில்தான் இருந்தது. பலகையில் 140. ஜன்னல் மூடிக்கொண்டது.

மனைவி எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னங்க இது, மறுபடியும் அதையே காட்டுது!"

"அது நான் இல்லம்மா" என்றார். "நாம ரெண்டு பேரும்."

மனைவி பலகையிலிருந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "வண்டி புத்தகத்துலயும் இதேதான் போட்டிருக்கு" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அந்த அம்மாள் வந்து ஒரு நிமிஷம் கணவர் பக்கத்தில் நிற்கிறார். முதலாளி ஜன்னலிலிருந்து தலையாட்டுகிறார். லாரிகள் இளைத்துவிட்டன. ஐம்பதிலிருந்து அந்த அம்மாள் அசையக் கூடாது என்று டிரைவர்கள் மட்டும் கவலைப்படுகிறார்கள். அந்த அம்மாள் ஒரு தும்மல் போட்டாலும் கலங்கிப் போகிறார்கள்.

ஆய்வாளர் வந்துபோன அன்று மாலை எடைக்கல் அண்ணன் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. ஸ்கூட்டரின் பின்னால், நுனியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பு தொந்தி இருந்த இடம் இருவருக்கும் நடுவில் காலியாக இருந்தது. அங்கே டப்பாவை வைத்துக்கொண்டார். தெருமுனை வந்ததும் மனைவி வேகத்தைக் குறைத்தார். இருவரும் டயரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை.

"அந்த டப்பாவை எடுத்துட்டு கிட்ட உட்காருங்க" என்றார் மனைவி.