என் டோக்கன் ஊர்க்காசு ஆன கதை

வீடியோ கேம் கடை என்பது அடுத்தவன் விளையாட, நாம் உட்கார்ந்து வயிறெரிகிற தொழில். என்னை இதில் இறக்கிவிட்டு முதலில் கெடுத்தவன் என் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி செல்வராசு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் கட்டிப் பாரீசுக்குப் போனவன். எண்பதுகளின் நடுவில் லீவுக்கு வந்தபோது, "அங்கெல்லாம் இதுலதான் மச்சான் பணம் கொட்டுது" என்றான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நம்பினேன். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த, முக்கால் ஏக்கர்கூட வராத இரண்டு மா நிலத்தை அடகு வைத்து மூன்று கேம் பெட்டி வாங்கினேன்.

பெட்டியில் ரூபாய் போட்டால் உடைத்துத் திருடுவார்களாம். பித்தளையில் டோக்கன் அடிக்கச் சொன்னதும் அவன்தான். டோக்கன் ஒன்று ஒரு ரூபாய். கடை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, மீதி உங்களுக்குப் புரியும்.

உயிர் வியாபாரம்

ஒரு டோக்கன் போட்டால் ஆட்டத்தில் மூன்று உயிர். கருக்களாச்சேரியிலிருந்து மாரி என்று ஒருவன், கடலுக்குப் போகாத நாளெல்லாம் வருவான். கெட்டிக்காரன். முதல் உயிரிலேயே பாதி ஆட்டத்தைத் தாண்டிவிட்டு, மிச்ச இரண்டு உயிரையும் பின்னால் நிற்பவனுக்கு ஒரு ரூபாய்க்கு விற்றுவிடுவான். போட்ட காசு அவனுக்குத் திரும்பிவிடும். எனக்கு வர வேண்டிய ரூபாய் போய்விடும்.

"என் கடைக்குள்ள நீ கடை போடுறியாடா?" என்று சட்டையைப் பிடித்தேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "பெட்டி உங்களுது அண்ணே. உசுரு நான் காப்பாத்துனது."

சில்லறைப் பஞ்சம்

அப்போது ஊரில் சில்லறை கிடைக்காது. பக்கத்து டீக்கடை காதர் பாய் மீதிக் காசுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தவர், என் டோக்கனைக் கொடுக்க ஆரம்பித்தார். அதை வெற்றிலைக் கடையில் வாங்கினார்கள், மீன் மார்க்கெட்டில் வாங்கினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கம் கெட்டவனுக்கு.

பெருமை ஒரு மாசம் நிற்கவில்லை. கடையில் கூட்டம் நெரிந்தது, பெட்டி நிறைய டோக்கன் விழுந்தது, கல்லாவில் மட்டும் ரூபாய் இல்லை. எல்லாரும் வெளியிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நான் விற்றதைவிட அதிகமாக ஊரில் டோக்கன் எப்படி வந்தது? பாயிடம் கேட்டேன். "உங்க மச்சினன்தான் மூட்டையா கொண்டாந்து கொடுத்தாரு. ஒரு ரூவா டோக்கன் எம்பது காசுன்னு. வேணாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?"

ஒரே அச்சு

டோக்கன் அடித்த பாத்திரக் கடைக்காரரிடம் ஓடினேன். செல்வராசு இரண்டாம் தடவை வந்து, நான் சொன்னதாகச் சொல்லி மூட்டை மூட்டையாக அடித்துப் போயிருக்கிறான். கடைகளில் விற்று முடித்துப் பணத்தோடு விமானம் ஏறியும் விட்டான்.

"அவன் அடிச்சதைத் தனியாப் பிரிச்சுக் காட்டுங்க. அதை மட்டும் செல்லாதுன்னு சொல்லிடுறேன்" என்றேன். அவர் இரண்டு டோக்கனை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "ரெண்டும் நான் அடிச்சது, ஒரே அச்சு. இதுல எதைய்யா கள்ளக்காசுங்கிறது?"

கடைசி வாடிக்கை

நான் பாத்திரக் கடையில் விசாரித்தது தெரிந்ததும் ஊருக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரே நாளில் டோக்கனை மாற்ற வந்து நின்றார்கள். விளையாட ஒருவனும் இல்லை. இல்லையென்று சொன்னால் அந்தத் தெருவில் அப்புறம் எப்படி நடப்பது? பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளினேன். போதவில்லை. அடகில் இருந்த நிலத்தையும் கிரயம் பண்ணிக்கொடுத்தேன். மகள் கல்யாணத்துக்கென்று இருந்தது அதோடு போயிற்று.

கடைசியாக வந்தது மண்டபத்தூர் மீன்காரம்மா. முந்தானையில் முடிந்திருந்த டோக்கன்களைக் கொட்டி, ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது: "நானா ஒங்கள காசு அடிக்கச் சொன்னேன்?"

ஊரில் யாருக்கும் நான் ஒரு ரூபாய்கூட பாக்கி வைக்கவில்லை, ஆனால் இரண்டு மா நிலத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய செல்வராசு, பாரீசில் வீடு வாங்கியிருப்பதாகத் தன் அக்காவுக்கு மட்டும் சொல்லியனுப்புகிறான்.