ஃபீஸ் இல்லாத ஃபுட்பால் க்ளப்

எண்பத்தஞ்சு வாக்குல பம்பாய் சீத்தா கேம்ப்ல டெய்லர் கடை வெச்சிருந்தேன். ஆனா அந்த ஒரு வருஷம் எனக்கு உண்மையான தொழில், ஃபுட்பால் ஆடுற பிள்ளைக்கு வாப்பாவா இருக்கறதுதான். செம்பூர் க்ளப்காரங்க என் மகன் காதர் ஓடுறதைப் பார்த்துட்டு, "ஃபீஸே வேண்டாம், அனுப்புங்க"ன்னாங்க. உங்க வீட்டுலயும் ஒருத்தன் பந்தை உருட்டிக்கிட்டுத் திரிஞ்சா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வளர்ற பிள்ளை

ஃபீஸ்தான் இல்லை, பூட்ஸ் நாமதான் வாங்கணும். வளர்ற பிள்ளைக்குத் துணியை உள்ளே மடிச்சுவிட்டுத் தைச்சே பழகின கை என்னுது. பூட்ஸையும் ரெண்டு சைஸ் பெருசா வாங்கி, முன்பக்கம் கடையில கிடந்த வெட்டுத்துணியைத் திணிச்சுக் கொடுத்தேன். முதல் நாளே பந்தோட பூட்ஸும் சேர்ந்து பறந்துச்சு. கோச் அதை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தாரு. "அடுத்த வருஷம் வரப்போற காலுக்கு இந்த வருஷமே பூட்ஸா, மாஸ்டர்?"

முட்டை

அடுத்து, ஆடுற பிள்ளைக்கு தினம் முட்டையும் பாலும் கொடுக்கணும்னாங்க. கடை வரும்படி எனக்குத் தெரியாதா? வேற ஒண்ணை நிறுத்தினாத்தான் இது நடக்கும். மூத்தவ நூரு அப்போ பத்தாவது. டீச்சராகணும்னு ஆசை, கணக்குக்கு டியூஷன் போய்க்கிட்டிருந்தா. அதை நிறுத்தினேன். அவ தம்பி தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. அவ உம்மாதான் சமாதானம் சொன்னா: "அவன் ஓடுதான், முட்டை வேணும். நீ உக்காந்துதானே படிக்கே?"

ஜெர்ஸி

நூருவுக்குப் பரீட்சை வர்ற நேரம் பார்த்து, க்ளப் செகரெட்டரி துணிக்கட்டோட கடைக்கே வந்துட்டாரு. டீமுக்கு ஜெர்ஸி தைக்கணுமாம். கூலிப் பேச்சே இல்லை, நம்ம பிள்ளைங்களாம். நானும் பெரிய புத்திசாலியாட்டம் யோசிச்சேன்: தைச்சுக் கொடுத்தவன் மகனை எப்படி வெளியே உக்கார வைப்பாங்க? நான் வெட்ட, நூரு புஸ்தகத்தை மூடிட்டு முதுகுல நம்பர் வெச்சுத் தைச்சா.

ஞாயித்துக்கிழமை கடையைப் பூட்டிட்டு, வி.டி. ரயில் பிடிச்சு, கோட்டைப் பக்கம் மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போனோம். நூரு தைச்ச நம்பரெல்லாம் ஓடுச்சு. காதர் மட்டும் கடைசி வரைக்கும் கோட்டுக்கு வெளியே உக்காந்திருந்தான். செகரெட்டரியைப் போய்ப் பிடிச்சேன். மனுஷன் சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு: "ஃபிட்டிங் ஒண்ணாம் நம்பர், பாய். பையனை அடுத்த சீசன் பார்ப்போம்."

அடுத்த சீசன்

நூருவுக்குக் கணக்கு போயிருச்சு. திரும்ப எழுதச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. கடை மிஷின்லயே உக்காந்துட்டா. காதருக்கும் பந்து அலுத்துப்போய் கேரம் போர்டுக்கு மாறிட்டான். க்ளப்காரங்க மட்டும் எங்களை மறக்கலை, அடுத்த துணிக்கட்டு வந்து இறங்கிடுச்சு. அவங்க வாசல்லயே வீசிட்டு வரலாம்னு கட்டைத் தூக்கினேன். நூரு அதை என் கையிலிருந்து வாங்கிப் பிரிச்சா. "எந்த நம்பர் வரைக்கும்னு சொல்லிருங்க வாப்பா, எனக்குத்தான் கணக்கு வராதே."

மகனை ஃபீஸ் இல்லாமத்தான் சேர்த்துக்கிட்டாங்க. அந்த ஃபீஸை மகள் கட்டி முடிச்சா.