இருக்கையில் ஆள் கூடாது

"தூ படேகி?" என்று மைதானத்து சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக் கேட்டார். நீயா படிக்கப்போகிறாய் என்று அர்த்தம். என் கையில் இருந்தது புல்வெட்டும் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்த்தவர் எவரும் இல்லை. அந்தத் திமிரில் "படூங்கி", படிப்பேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

அப்பா தில்லியில் மோதி பாக் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் மாலி, அதாவது தோட்டக்காரர். உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடம் குனிந்தே வேலை செய்தவருக்கு ஒரு மாதத்துக்கு முன்தான் உட்கார்ந்து ஓட்டும் மிஷின் கிடைத்திருந்தது. வேறொரு மைதானத்தில் உழைத்து ஓய்ந்த பழைய வண்டி. ஆனாலும் தில்லிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரை ஏறுவதுபோலத்தான் அப்பா அதில் ஏறுவார். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்த பிறகுதான் இறங்குவார்.

அந்தச் சனிக்கிழமை காலை மிஷின் கிளம்பவில்லை. செல்ஃப் எடுக்கவே இல்லை. மறுநாள் மைதானத்தில் ஏதோ விழா. மாலை ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் காண்டிராக்டரின் வண்டி, அவருடைய டிரைவரோடு நிரந்தரமாக வந்துவிடும் என்றார் சூப்பர்வைசர். அப்பா மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வேலிச்செடிகளுக்குப் போகவேண்டியதுதான்.

துணைக்கு இரண்டு பேரை அப்பா அழைத்துப் போயிருந்தார். ஒன்று நான். இன்னொன்று, ஊரிலிருந்து ஒரு மாதம் தங்க வந்திருந்த பெரியப்பா மகள். அக்காவுக்குப் பதினான்கு வயது, இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அவள் வந்ததிலிருந்து அப்பாவின் வாயில் எப்போதும் "தங்கம்". நான் பழைய "பாப்பா"தான்.

"தங்கம், நீ சீட்ல ஏறி உக்காரு. பிரேக்கை அமுக்கிக்கிட்டு நான் சொல்றப்ப சாவியத் திருப்பு. பாப்பா, நீ புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

சிம்மாசனம் அவளுக்கு, காகிதம் எனக்கு. ஒரே ஒருமுறை அந்த இருக்கையில் ஏற்றிவிடுங்கள் என்று ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவள் நான்.

"ஐயோ சித்தப்பா, ஒட்டகத்து மேல உக்காந்தாப்பல இருக்கு!" என்று அவள் மேலேயிருந்து சிரித்தாள்.

அப்பா வண்டிக்கு அடியில் படுத்து கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பின் ஒயரை ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாட்டரியைப் பார். ஃபியூஸைப் பார். பாதி புரிந்தது, பாதியை ஊகித்துச் சொன்னேன். பிறகு ஒரு வரி வந்தது. இருக்கையில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் இஞ்சின் கிளம்பும் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்திலேயே எனக்குத் தெளிவாகப் புரிந்த வரி அதுதான்.

"அப்பா, சீட்ல ஆள் இருக்கக் கூடாதாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"பெரிய எழுத்துல போட்டிருக்கு."

"அப்ப எறங்கிடு தங்கம். ஷாக் கீக் அடிச்சிடப் போவுது."

அக்கா இறங்கினாள். அவளுடைய பாவாடை இருக்கையின் ஓரத்தில் மாட்டி, அதை எடுத்துவிட்டுக்கொண்டு அவள் இறங்கியதை இன்றும் என்னால் ரசிக்க முடிகிறது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பிரேக்கின் மேல் செங்கல் வைத்தார்கள். அக்கா பக்கத்தில் நின்று குனிந்து சாவியைத் திருப்பினாள். பாட்டரியிலிருந்து வரும் கறுப்பு ஒயர் வண்டியின் உடம்போடு சேரும் இடம் பச்சையாகப் பூத்துக் கிடந்ததை அப்பா கண்டுபிடித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். மங்கிக் கிடந்த டெஸ்ட் லாம்ப் பளீரென்று எரிந்தது. "முடிஞ்சுது தங்கம், திருப்பு" என்றார். அவள் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை.

ஃபியூஸை மாற்றினார். ஒயர்களைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிற்பகல் மூன்று மணிக்கு சூப்பர்வைசர் டீ கிளாஸோடு வந்து நின்றார். "என்ன அண்ணே, உங்க இஞ்சினியர் மேடம் என்ன சொல்றாங்க?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஸ்பேனரோடு மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அக்கா மறுபடி மேலே ஏறுவாளே என்று நினைத்ததும் மூடிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு அக்கா, "இடுப்பு ஒடியுது சித்தப்பா, ஷாக் அடிச்சா அடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மிஷின் உறுமியது. அடியில் படுத்திருந்த அப்பா பதறி எழுந்து தலையை இடித்துக்கொண்டார்.

"ஏன் ஏறினே?"

"ஏறினாத்தான் எடுக்குது சித்தப்பா."

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மிஷின் செஞ்ச ஊர்க்காரன் தப்பா அச்சடிச்சு வச்சிருக்கான் பாரு" என்றார். "புள்ள பாவம், இருக்கறதத்தானே படிச்சுது."

அக்காவின் கண் ஒரு கணம் என்மேல் நின்று விலகியது. பொழுது சாயும்வரை அப்பா புல் வெட்டினார். முதல் சுற்றில் அக்காவும் பின்னால் தொற்றிக்கொண்டு போனாள். அன்று எனக்கிருந்த வருத்தமெல்லாம் அந்த ஒரு சுற்றைப் பற்றித்தான்.

தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பிறகு அப்பா எந்தப் புத்தகத்தையும் நம்பவில்லை. மருந்துச் சீட்டானாலும் அரசாங்க அறிவிப்பானாலும் "அச்சுல வந்துட்டா நெசமாயிடுமா?" என்பார். புது மிஷின்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தபோது, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவனுக்கு என்ன தெரியும் என்று போகாமல் இருந்துவிட்டார். போனவர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. தன் மகளா, புத்தகமா என்று வந்தபோது ஒரு நொடியில் அவர் புத்தகத்தைக் கைவிட்டிருக்கிறார். அது ஐந்தாம் வகுப்புக்காரிக்கு விளங்கவில்லை. அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் என் வீட்டுக்கு அலுவலகத் தோழிகள் சாப்பிட வந்திருந்தார்கள். அப்பா இந்தக் கதையைச் சொன்னார். "புத்தகம் தப்பும், எம் பொண்ணு தப்ப மாட்டா" என்று முடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சாம்பார் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

இன்று காலை அலுவலகம் போகும் வழியில் மெட்ரோ நிலையத்தின் படியோரம் நின்று ஒரு குரல் பதிவு செய்தேன். மிஷின் புத்தகத்தின் அந்த வரியை முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன், பிறகு தமிழில். அன்று நான் என்ன சொன்னேன், யாரைக் கீழே இறக்குவதற்காகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அப்பாவும் அக்காவும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அப்பா மைதானத்தில் டீ குடிக்கும்போது ஸ்பீக்கரில் வைத்துத்தான் கேட்பார், மற்ற மாலிகளும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அது தெரிந்தேதான் அனுப்பினேன்.