ஐந்தாம் மாடி, பதினைந்தாம் அறை

என் தங்கை நிலாவுக்குப் போய்த் திரும்பியவள். ராக்கெட்டில் இல்லை, லிஃப்ட்டில். இப்படித்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அடித்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டால், ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்தாறு வருடம் லிஃப்ட் ஓட்டியவள் ஏறி இறங்கிய தூரம் பூமியை ஒன்றேமுக்கால் சுற்றுதான் வருகிறது. நிலா நான் சேர்த்தது. முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் நான். கூட்டிச் சொன்னாலும் எவ்வளவு கூட்டினேன் என்று தெரிந்துதான் சொல்வேன்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கதவின் மேலும் மாடி எண், ஒரு புள்ளி, அறை எண் என்று எழுதியிருக்கும். 2.7 என்றால் இரண்டாம் மாடி, ஏழாம் அறை. என் தங்கைக்கு ஆட்களின் பெயர் நிற்காது, எண்தான் நிற்கும். "நாலுல ஒம்பது இன்னைக்கு அழுதுக்கிட்டே இறங்கினாரு அக்கா, பாவம்" என்பாள். அங்கே எல்லாரும் அவளை லிஃப்ட்டம்மா என்பார்கள். இத்தனைக்கும் அவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். வேலை முடிந்து வந்து ஐம்பத்திரண்டு படி ஏறுவாள்.

அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். ஊமைக்கோட்டான் என்று நான் கேலி செய்வேன். கல்யாண மேடையில் பேசியதற்குப் பிறகு அவர் பேசி நான் கேட்டதில்லை. மேடையிலும் "தள்ளி உக்காரு" என்றுதான் சொன்னார். அந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் முதலில் பாதம் தரையில் தேய ஆரம்பித்தது. அப்புறம் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. நரம்பும் தசையும் ஒவ்வொன்றாக விடைபெறும் நோய் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு வருடத்தில் கால், கை, நாக்கு எல்லாம் போய்க் கண் மட்டும் மிஞ்சியது. கடைசியாக அவரை மாடியிலிருந்து இறக்கியபோது நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினார்கள். அதற்குப் பிறகு இறக்கவில்லை.

என் தங்கை வேலையை விட்டாள். இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும், கஞ்சியை வயிற்றுக் குழாயில் விட வேண்டும். ஒருநாள் நான் போனபோது அடுப்படியில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், கையில் கரண்டியோடு. நான் தொட்டதும் கண்ணைத் திறக்காமலே, "எந்த மாடி?" என்றாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு அமைப்பு பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், திரைக்கு அடியில் ஒட்டுகிற பட்டையான கேமரா ஒன்றையும் கொடுத்தது. திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒரு எழுத்தையே உற்றுப் பார்த்தால் அது பதிந்துவிடும். முழுதாக எழுதி முடித்துக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தால் குரல் பேசும். பேச்சு நடையில் எழுதினால் அந்தக் குரல் உளறிக் கொட்டியது. அதனால் அவர் சுத்தமான எழுத்துத் தமிழுக்கு மாறினார். வாய் இருந்தபோது வாயைத் திறக்காத மனிதர், வாய் போனபின் செய்தி வாசிப்பவரைப்போலப் பேச ஆரம்பித்தார். முதல் நாளே என்னைப் பார்த்து, "டீச்சர், சிறிது நேரம் அமைதியாக இருங்கள்" என்றார். என் தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேமராவைப் பொருத்திய அம்மாள் எங்களுக்குப் பாடம் நடத்தினாள். "இந்தச் சிஸ்டத்துக்கு உள்ளே கெர்னல்னு ஒண்ணு இருக்கு. அதோட வெர்ஷனை மட்டும் அப்பப்போ பாத்துக்கோங்க."

"கர்னலா? மீசை வச்சுக்கிட்டு ராணுவத்துல இருப்பாரே, அவரா?" என்றேன்.

"அவர் இல்லைங்க டீச்சர். கொட்டைக்குள்ளே பருப்பு இருக்குல்ல, அது மாதிரி. நாம பாக்கிறதெல்லாம் ஓடு. உள்ளே இருக்கிற பருப்புதான் கேமரா, கீபோர்டு எல்லாத்தையும் வேலை வாங்குது."

"அட, பருப்புதானே! நான் பாத்துக்கிறேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "டீச்சரின் பருப்பு இங்கே வேகாது."

அந்த அம்மாள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். கறுப்புத் திரையைத் திறந்து 'யுநேம்', ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, 'ஆர்' என்று தட்டினால் எண் வரும். 'கெர்னல் 5.4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் கேமரா ஓடாது.' அதற்குக் கீழே, புதுப்பிக்க என்ன தட்ட வேண்டும் என்பதும் இருந்தது.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. அதற்குள் அவருக்கு மூச்சு குறைய ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை மருத்துவர் வீட்டுக்கே வந்து கட்டிலருகே உட்கார்ந்து விஷயத்தை உடைத்தார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து மூச்சு இயந்திரம் மாட்டினால் இன்னும் சில வருடம் இருக்கலாம், மாட்டாவிட்டால் சில வாரம். மாட்டினால் எடுக்க முடியாது. "முடிவு உங்களோடதுதான். வேற யார் சொன்னாலும் நான் எழுதிக்க மாட்டேன்" என்றார்.

குழாய்க்காரர் நிதானமாக எழுதினார்: "வியாழக்கிழமை சொல்கிறேன்."

செவ்வாய்க்கிழமை கேமரா திக்க ஆரம்பித்தது. 'த'வைப் பார்த்தால் 'ந' விழுந்தது. அவர் கண் சிவந்துபோனது. நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன், கறுப்புத் திரையைத் திறந்தேன், சொன்னபடி தட்டினேன். 5.15 என்று வந்தது. பின்னால் இன்னும் ஏதேதோ வால்.

"பாத்தியா! இங்கதான் கோளாறு. அஞ்சு புள்ளி நாலு இருக்கணும். இது அஞ்சு புள்ளி ஒண்ணு அஞ்சு. குறைச்சல்."

தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அஞ்சாம் மாடி பதினஞ்சாம் ரூம், நாலாம் ரூமைத் தாண்டித்தானே அக்கா இருக்கும்?"

"இது உன் கட்டடம் இல்லடி. தசமப் புள்ளி. நாலுங்கிறது நாற்பது மாதிரி, இது வெறும் பதினஞ்சு. எனக்கே கணக்கு சொல்லித் தரியா?"

"நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நகர்ந்துகொண்டாள்.

புதுப்பிக்கும் வரியைத் தட்டினேன். அரை மணி நேரம் எழுத்துகள் மழைபோல ஓடின. கடைசியில் ஒரு கேள்வி நின்றது: இனிமேல் தேவைப்படாத பழையவற்றை நீக்கலாமா? ஆம், இல்லை. "பழசு எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? ஆமான்னு போடறேன்" என்றேன். அவள் கையை என் கைமேல் வைத்தாள். "வேண்டாம் அக்கா. லிஃப்ட்டுக்குப் புதுக் கயிறு போட்டா, அது ஒரு வாரம் ஓடினப்புறம்தான் பழைய கயித்தை எடுத்துட்டுப் போவாங்க." இல்லை என்று அவளே அமுக்கினாள்.

மறுபடி எண்ணைப் பார்த்தேன். அதே 5.15. திரும்பவும் புதுப்பித்தேன், எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்றது. எண் மட்டும் அசையவில்லை. மூன்றாம் தரமும் அதே கதை. நான் திரையைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள்தான், "ஓடிக்கிட்டு இருக்கிற லிஃப்ட்டுக்கு மோட்டார் மாறுமா? நிறுத்திப் போடணும்ல" என்றாள். நிறுத்திப் போட்டோம். இப்போது எண் 6.8.

"ஏறிடுச்சு பாரு!" என்று நான் கையைத் தட்டினேன்.

"ஆறுல எட்டா? எங்க கட்டடத்துல அந்த ரூம் எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே கேமராவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கேமராவின் சிவப்பு விளக்கு எரியவில்லை. திரையில் எழுத்துகள் வரிசையாக இருந்தன. அவர் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேமராக்காரம்மா தொலைவில் வேறொரு ஊரில் இருந்தாள். போனில் குரல் விட்டுவிட்டு வந்தது. "ஐயோ, ஆறுக்கு ஏன் போனீங்க? கேமராவை ஓட்டுற டிரைவர் புரோகிராமை அந்தப் பதினஞ்சுக்குத்தான் கட்டி வச்சிருக்கேன், இதுல ஒட்டாது. சனிக்கிழமைதான் என்னால வர முடியும். பழசை அழிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க."

"நல்ல வேளை. அப்படின்னா நீங்க..." லைன் அறுந்தது. பிறகு எத்தனை தரம் அடித்தும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை அவர் அண்ணன் வந்தார். நல்ல மனிதர், சத்தமான மனிதர். கட்டிலருகே குனிந்து, "மெஷின் மாட்டிக்கலாம்ப்பா, என்ன? ஆமான்னா கண்ணை மேல தூக்கு" என்றார். கண் மேலே போனது. "பாத்தியாம்மா, ஆமாங்கிறான்!"

"அவர் ஃபேனைப் பாக்கிறார்" என்றாள் என் தங்கை.

"நீ வேற! மறுபடி கேக்கிறேன் பாரு." மறுபடி கேட்டார். கண் மூடிக்கொண்டது. அண்ணன்காரர் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகைக்குக் காரணம் நான் என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவர் வரவேண்டும். ஒன்பது மணிக்கு என் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னடி பண்ணப் போறே? ஒண்ணும் தெரியாம கைய வைக்காதே."

"தெரிஞ்சவங்க கைய வச்சதைத்தான் பாத்தாச்சே அக்கா."

நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

அவள் சொன்னாள்: "மாடிக்கு நடுவில சிக்கிக்கிட்டா மேல ஏத்தப் பாக்கக் கூடாது. கடைசியா எந்த மாடியில கதவு திறந்துச்சோ அங்கேயே திரும்பிப் போகணும். பழசு உள்ளேதான் இருக்கு. அதுக்கு எங்கே இறங்கிறதுன்னு பாப்போம்." நிறுத்திப் போட்டாள். மறுபடி எழும்பும்போது மாடி எண் மாறுவதைப் பார்ப்பதுபோல் இமைக்காமல் பார்த்தாள். சில நொடி ஒரு பட்டியல் வந்து மறைந்தது. நான் அதைக் கவனித்ததுகூட இல்லை. இரண்டாம் தரம் நிறுத்திப் போட்டு அது வந்ததும் அம்புக்குறி விசையைத் தட்டினாள். பட்டியல் நின்றது. இரண்டாம் வரியில் மற்ற தேர்வுகள் என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் இருந்தது. அதை அமுக்கினாள். உள்ளே வரிசையாக எண்கள். 6.8. அதன் கீழே 5.15.

"அஞ்சாம் மாடி, பதினஞ்சாம் ரூம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அமுக்கினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கேமராவின் கண்ணாடியை ஒரு தரம் துடைத்தாள், வழக்கமாக எதையும் துடைப்பதுபோல. அதன்பிறகு அது திக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை இருந்த கோளாறே கண்ணாடியில் படிந்திருந்த அந்தப் பிசுக்குதான். சனிக்கிழமை வந்த கேமராக்காரம்மா என்னிடம், வெர்ஷன் எண்ணில் வருவது தசமப் புள்ளியே இல்லை, நாலுக்கு மேல் அஞ்சு, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் பதினைந்து என்று பொறுமையாக விளக்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் ஒரு மனிதரின் வாயைக் கட்டிப்போட்டது என்னுடைய கணக்கு.

மருத்துவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அண்ணன்காரர் கதவருகே நின்றார். என் தங்கை திரைக்குப் பக்கத்தில், கணவர் கண்ணுக்கு நேராக நின்றாள். குழாய்க்காரர் எழுத நெடுநேரம் ஆயிற்று. பிறகு குரல் பேசியது: "வேண்டாம். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வீட்டுக்குக் குழாய் போட்டேன். என் கழுத்துக்கு ஒன்று வேண்டாம்." மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். கடைசிவரை யாருக்கும் பணியாத மனிதர், அவர் சொன்னபடியே நடந்தது. பதினெட்டாம் நாள் காலை கஞ்சி நேரத்துக்கு முன்னால் மூச்சு நின்றது.

இதுவரை எழுதியதை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசிப் பகுதி வந்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"குழாய்னு வந்த வரி நீ சேத்தது அக்கா. அவர் 'வேண்டாம்' மட்டும்தான் எழுதினார். யாரும் சிரிக்கலை. அதைக்கூட விடு. முதல்ல அவர் 'வேண்டு' வரைக்கும் எழுதினார். 'ம்'னு ஒரு எழுத்துதான் பாக்கி. நீ மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருந்தே, டாக்டர் பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருந்தார். நான் மட்டும்தான் பாத்தேன். அப்படியே கண்ணைத் திருப்பி என் முகத்தைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் அந்த 'டு'வை அழிச்சிட்டு 'டா' போட்டார். அப்போ என் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலை அக்கா."