குறை சொல்லி விற்பவள்

கதவைத் திறந்ததும் தங்கமணி விளக்கைப் போடுவதில்லை, மூக்கை நீட்டுகிறாள். அறை அறையாக வாசலில் நின்று முகர்ந்து, ஈர வாடை வரும் மூலையைக் கண்டுபிடித்து, அங்கே சுவரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். “இங்க வந்து உக்காந்துட்டியா?” என்று கேட்பது பூஞ்சையைத்தான். பழைய துண்டால் அதை வழித்தெடுத்த பிறகு, இரும்புச் சட்டியில் கரியை மூட்டிக் கூடத்தின் நடுவில் வைத்து, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ஆளில்லாத வீட்டை மலையில் ஒரு மழைக்காலம் பூட்டி வைத்தால் சுவரெல்லாம் கறுத்துவிடும். விற்கிற வீடாக இருந்தாலும் நாறக்கூடாது என்பது அவள் கட்சி.

இந்த மூக்கு கடை கொடுத்த சொத்து. குன்னூர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர், குல்லாய், கம்பளி விற்கிறாள். ஈரத்தோடு மடித்த கம்பளி எந்த அடுக்கில் இருந்தாலும் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். அதைவிடப் பெரிய விசித்திரம் அவள் வியாபாரம் பண்ணும் அழகு. சுற்றுலா வந்தவர் ஆசையாக ஒரு ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்: “ஏனுங்க, பாக்கத்தான் மெத்துனு இருக்குது. ரெண்டு தொவை தொவைச்சா முடிச்சு முடிச்சா வந்துருமுங்க. அப்பறம் என்றகிட்டச் சண்டைக்கு வரக்கூடாது.” வந்தவர் திகைப்பார், சிரிப்பார், கடைசியில் அதையே வாங்கிப் போவார். பக்கத்துக் கடைக்காரர் சாமி மேல் சத்தியம் செய்து விற்கிறார். சண்டைகளும் அவர் கடையில்தான் நடக்கின்றன.

சரக்கை விற்கும் அதே வாயால்தான் இப்போது அப்பாவின் வீட்டையும் விற்றுக்கொண்டிருக்கிறாள். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் ஆறுச்சாமி. ஓய்வுக்குப் பிறகு குன்னூர் பக்கம் ஜெகதளாவில் இந்த ஓட்டு வீட்டைக் கட்டி, மனைவி போன பிறகும் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டு, போன ஐப்பசி மழையில் கண்ணை மூடினார். தம்பி விமல் கோயமுத்தூரில் கட்டத் தொடங்கிய வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. அவன் பிள்ளைகள் ஒற்றை அறை வாடகை வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து படிக்கிறார்கள். “வித்துப்போடலாம் கண்ணு, உன்ற ஊட்டுக் கூரையாச்சும் ஏறட்டும்” என்று முதலில் சொன்னதும் தங்கமணிதான். தம்பி கேட்டுச் சொன்னதல்ல, அவளாகவே சொன்னாள்.

ஆனால் வாங்க வருகிறவர்களை அவள் வரவேற்கும் விதம் இருக்கிறதே! திருப்பூரிலிருந்து கார் வந்து நிற்கும். இறங்கியவர்கள் மஞ்சைப் பார்த்து, அதாவது மலை மேல் இறங்கும் மூடுபனியைப் பார்த்து, வாயைப் பிளப்பார்கள். தங்கமணி நேராக அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போவாள். “இந்தச் செவுத்துல ஆடி மாசம் தண்ணி கசியுமுங்க. சிமெண்ட் பூசுனாலும் நிக்காது. பொழுதோட காட்டெருமை வரும், கேட்டுப் பக்கத்துலயே நிக்கும். அதுவாப் போறவரைக்கும் நம்ம உள்ளதான் இருக்கோணும். கரடியும் வருமுங்க. சாமி ரூமுல எண்ணெய் வாசம் புடிச்சுட்டு, போன வருசம் பின்கதவப் பேத்துப்போட்டுது.” வந்தவர் மனைவியைப் பார்ப்பார்; மனைவி காரைப் பார்ப்பாள்.

விமல் போனில் குதிப்பான். “அக்கா, நீ ஊட்ட விக்கிறியா, வர்றவங்களத் தொரத்துறியா?”

“மறைச்சு வித்தா நாளைக்கு அப்பன் பேரச் சொல்லித்தான் வைவாங்க கண்ணு. கேட்டுப்போட்டும் வேணும்ங்கிறவன் வாங்கட்டும்.”

அவள் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் கார் வளைவில் மறைந்ததும் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிடும். பஸ்ஸுக்கு நடக்கும்போது பேக்கரியில் வர்க்கி வாங்கித் தின்றுகொண்டே போவாள். பிறகு தம்பி பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரும், மீதி வர்க்கியைக் காகிதத்தோடு பைக்குள் திணித்துவிடுவாள். இந்த வீடு போய்விட்டால் அப்பாவை இன்னொரு தடவை எடுத்துக்கொண்டு போவது போல அவளுக்கு இருந்தது. இதை யாரிடம் சொல்வது? கடையில் குறை சொல்வது நாணயம். இங்கே சொல்வதில் நாணயம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தைரியமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெஃப்ரியும் அவர் மனைவி லோயிஸும் பஸ்ஸில் வந்தார்கள். நெல்லியாளம் பக்கம் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். தங்கமணி வழக்கம்போல் ஆரம்பித்தாள். கசிவைச் சொன்னாள். “வெளிய தண்ணி ஓட ஒரு கான் வெட்டி விட்டாப் போதும்மா” என்றார் ஜெஃப்ரி. காட்டெருமையைச் சொன்னாள். “அதுங்க எங்க குவார்ட்டர்ஸ் வாசலுக்கும் வரும். நம்ம சும்மா இருந்தா அதுவும் சும்மாதான் போகும்” என்றாள் லோயிஸ். கரடிக்கு, எண்ணெயை மூடி போட்ட டின்னில் வைத்துக்கொள்வார்களாம். தங்கமணியின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, விற்பதற்குக் குறை இல்லாமல் நின்றாள்.

லோயிஸ் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டாள். “எனக்கு இழுப்பும்மா. காலை வெயில் எந்த ரூம்ல விழும்?”

இதுவரை வந்தவர்களில் யாரும் இதைக் கேட்டதில்லை. சமவெளிக்காரர்கள் மஞ்சைத்தான் கேட்டார்கள். வெயிலைக் கேட்க மலையில் குளிர்காலம் கழித்திருக்க வேண்டும்.

தங்கமணி அப்பாவின் அறைக்கு நடந்தாள். கிழக்குச் சுவரை அடைத்துக்கொண்டு இரும்பு பீரோ நின்றது. அதன் பின்னால் இருக்கும் ஜன்னலில்தான் விடிந்ததும் முதல் வெயில் வரும். கம்பியில் கண்ணாடியை மாட்டிவிட்டு அப்பா அந்த வெயிலில் உட்கார்ந்து சவரம் செய்துகொள்வார். காரியம் முடிந்த மறுநாள் காலை, வெறும் நாற்காலி மேல் அந்த வெயில் வந்து விழுந்ததைப் பார்க்க மாட்டாமல், தங்கமணிதான் பீரோவை இழுத்து அங்கே நிறுத்தினாள். வந்தவர்களிடம் வீட்டின் குறைகளையெல்லாம் சொன்னவள் இந்த ஜன்னலைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது கேட்டுவிட்டார்கள். வாசலில் நின்ற லோயிஸ் மூச்சை இழுக்கும் சத்தம் அறைக்குள் கேட்டது.

“ஏனுங்க, அந்தப் பக்கம் சித்த ஒரு கை புடிங்க” என்று ஜெஃப்ரியிடம் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கமணி பீரோவுக்குத் தோள் கொடுத்தாள்.