சந்தனம் வைத்த சுத்தியல்

என் அத்தைக்குத் தச்சு வேலை தெரியாது. தெரியாதே என்ற கவலையும் அவளுக்குக் கிடையாது. புத்தக அலமாரி செய்து தருவதாகச் சொன்ன ஆசாரி இதோ அதோ என்று ஒரு மாதம் இழுத்தடித்ததும், "பலகைய அறுக்குறதுதானே, நானே அறுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். கொல்லையில் பழைய பத்தாயம் ஒன்று பிரித்துப் போட்டபடி கிடந்தது. நெல் கொட்டி வைத்த பலகைகள், நல்ல கனம்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆடி மாதம் புருஷன் வீட்டிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. புடவை நாலுதான், மற்றதெல்லாம் புத்தகம். ஏன் வந்தாள் என்று ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம், "தீபாவளிக்குக் கொண்டுபோயி விட்டுடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையோ கொல்லையில் உட்கார்ந்து பலகை அறுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கப் பலகை இரண்டில் ஒன்றை இரண்டு விரற்கடை குட்டையாக அறுத்துவிட்டாள். மற்றதையும் அதே அளவுக்கு வெட்டினால் கீழ்த்தட்டில் அகராதி நிற்காது. கால்மணி நேரம் பலகையையே முறைத்துப் பார்த்தாள். பிறகு குட்டைப் பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து ஆணி அடித்தாள். முதுகுக்குப் பலகை போதாமல் போனபோது அதற்கும் கால்மணி நேரம் யோசித்தாள். "சுவத்தப் பாத்து நிக்கிற முதுக யாரு பாக்கப் போறா" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்கள் புது அலமாரியில் ஏறின. ரம்பமும் சுத்தியலும் மிச்ச ஆணிகளும் சாமி படத்துக்கு முன்னால் மணையில் உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இனி மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. அப்பா இதில் ரொம்பக் கறார். கடலை மடித்து வந்த காகிதத்தை அன்றைக்கு எழுத்துக்கூட்டிப் படித்தேன் என்று முந்தின வருஷம் எனக்கு முதுகில் ஒன்று விழுந்திருந்தது.

அப்பா சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அலமாரி முனகியது. புத்தகக் கனம் தாங்காமல் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தை பாய்ந்து தோள் கொடுத்தாள். நானும் போய் முட்டுக்கொடுத்தேன்.

புத்தகத்தை இறக்கக் கூடாது. சுத்தியலை எடுக்கக் கூடாது. நாளைக் காலைவரை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? எனக்குக் கை கடுத்தது. சுண்டலும் பொரியும் வேறு எட்டாத தூரத்தில் இருந்தன.

"முதுகுப் பலகைய விட்டது என் தப்புதாண்ணே" என்றாள் அத்தை, தோளை எடுக்காமலேயே. "மேல் சட்டத்துல மூணு ஆணி, சுவத்தோட சேத்து அடிச்சா நின்னுடும்."

அப்பாவின் பார்வை சுத்தியலுக்குப் போகவில்லை, அத்தையிடமே நின்றது. "சுவத்துல அடிச்சிட்டா அப்புறம் எப்படிம்மா கொண்டுபோவ?"

"கொண்டுபோறதுக்குச் செய்யலண்ணே."

அம்மா கையிலிருந்த மணியைக் கீழே வைத்தாள். பிறகு அப்பா குனிந்து மணையிலிருந்த சுத்தியலை எடுத்தார். சந்தனத்தைக்கூடத் துடைக்கவில்லை. மூன்று ஆணிகளையும் தலைவரை இறங்க அடித்தார். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று எங்கள் தலையில் உதிர்ந்தது. அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு பயம். பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொட்டாயிற்று, இந்த வருஷம் கணக்கில் முட்டைதான். நேராகப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து, நான் தொடவில்லை தாயே, எடுத்தது அப்பாதான், என்னை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

இங்கேயே இரும்மா என்று தங்கையிடம் வாய்விட்டுச் சொல்ல அப்பாவுக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் அதைச் சுத்தியலால் சொன்னது அந்த ஒரு தடவைதான். பக்கத்திலேயே நின்றிருந்த நான் அவரைச் சாமியிடம் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.