பட்டனை அமுக்க யாரும் வர வேண்டாம்

போன வருடம் கோடை மழை தொடங்கிய நேரம். பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு மாடிப் போர்ஷனில் என் அண்ணனும் தங்கை நானும் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். மற்ற வீடுகளில் ஃபேன் நிற்கும், டிவி நிற்கும். எங்கள் வீட்டில் அண்ணனின் பிழைப்பே நின்றுவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஓசூர் ரோட்டில் நடந்த பைக் விபத்தில் அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. குரல் மட்டும் தேவைக்கு மேலேயே நன்றாக இருக்கிறது. அந்தக் குரலாலேயே கணினியை இயக்கி, பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை செய்கிறான். காலையில் உதவிக்கு வைத்திருக்கும் ஒரு அக்கா வந்து குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார். மதியம் மறுபடி வருவார். நான் ஆபீஸ் முடிந்து சாயங்காலம்தான் திரும்புவேன். கணினியில் எல்லாவற்றையும் அவனே சொல்லிச் சொல்லிச் செய்துகொள்வான், ஒன்றைத் தவிர. அணைந்து கிடக்கும் கணினிக்குக் காது கிடையாது. பவர் பட்டனை யாராவது வந்து அமுக்க வேண்டும்.

காலையில் போகும் கரண்ட் சில சமயம் அரை மணியில் வந்துவிடும். கணினி அணைந்தது அணைந்ததுதான். அக்கா வரும்வரை அவன் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யுபிஎஸ் வாங்கி வைத்தோம். எங்கள் ஏரியா கரண்டுக்கு அது தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டு தடவை வேலை தாமதமானது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று வேலை கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் சுலபமான வழி ஒன்று சொன்னேன். கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியிடம் எங்கள் வீட்டு மாற்றுச் சாவி இருக்கிறது. ஒரு போன் போட்டால் ஏறி வந்து அமுக்கிவிட்டுப் போகப்போகிறார். அண்ணன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டு நெட்வொர்க் வழியாகவே போனிலிருந்து ஒரு சிக்னல் அனுப்பி, அணைந்திருக்கும் கணினியை எழுப்பலாம் என்று எங்கேயோ படித்துவிட்டான். அத்தோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் வாரமே சிக்கல். எங்கள் கணினி வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கு அது ஆகாதாம், வயர்தான் வேண்டுமாம். ரௌட்டர் ஹாலில், கணினி உள் அறையில். சுவரில் ஓட்டை போடலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். எது வேண்டுமானாலும் செய்யுங்கள், ஓட்டை மட்டும் 'பேடா', வேண்டாம், என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டார். வயரைத் தரையோடு விட்டேன். நானே இரண்டு தடவை தடுக்கி விழப்பார்த்தேன், நாற்காலிச் சக்கரமும் அதில் மாட்டியது. கடைசியில் கதவு நிலைக்கு மேலே டேப் வைத்து ஒட்டினேன். மழை ஈரத்தில் டேப் பிய்ந்துகொண்டு வந்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் வயர் என் தலையில் விழுந்தது.

அடுத்த வாரம் செட்டிங்ஸ். நான் மேஜை முன்னால், அண்ணன் என் தோளுக்குப் பின்னால். கணினி கிளம்பும்போதே ஒரு கீயை விடாமல் தட்டி அதன் அடிப்படை அமைப்புக்குள் போக வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் அது தாண்டிப் போய்விடும். "தட்டு, தட்டு, விட்டுட்ட பாரு" என்று அவன் பின்னாலிருந்து கத்துவான். ஒன்றை மாற்ற வேண்டும், கணினியை அணைக்க வேண்டும், போனிலிருந்து சிக்னல் அனுப்ப வேண்டும், எதுவும் நடக்காது. மறுபடி பட்டனை அமுக்கி, திறக்கும்வரை காத்திருந்து, வேறொன்றை மாற்ற வேண்டும். அந்தப் பட்டனை அமுக்காமல் இருப்பதற்காக அன்று ஒரே நாளில் நான் அமுக்கிய மாதிரி என் வாழ்நாளில் அதை அமுக்கியதில்லை. சாயங்காலம் பார்த்தால், போனில் ஏற்றிய கணினி முகவரியில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான் 'பி' போட்டிருந்தேன். அதைத் திருத்திய பிறகு கணினி உறுமிக்கொண்டு எழுந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பு கீழே ஆன்ட்டிக்கே கேட்டிருக்கும்.

ஆனால் போனையும் அவன் குரலால்தானே இயக்க வேண்டும்? சிக்னல் அனுப்பும் ஆப்பின் பட்டனுக்கு 'வேக்', அதாவது 'எழு', என்று பெயர். அவன் 'வேக்' என்றால் போன் அதை வாரத்தைக் குறிக்கும் 'வீக்' என்று எடுத்துக்கொண்டு காலண்டரைத் திறந்தது. அவன் அழுத்திச் சொல்லச் சொல்ல காலண்டர்தான் திரும்பத் திரும்ப வந்தது. எரிச்சலில் அந்தப் பட்டனுக்குக் 'காஃபி' என்று பெயர் மாற்றினேன். அதை மட்டும் போன் அட்சரம் பிசகாமல் புரிந்துகொண்டது. பிறகு அவன் என்னிடம் காபி கேட்கும்போதெல்லாம் கணினியும் எழுந்துகொண்டது தனிக்கதை.

முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளே மழை. கரண்ட் போய், வந்தது. அவன் எத்தனை தடவை சொல்லியும் கணினி அசையவில்லை. ஒழுங்காக அணைத்தால் எழுகிறது, கரண்ட் போய் அணைந்தால் எழவில்லை. எதற்காக இவ்வளவு பாடுபட்டோமோ அதற்கு மட்டும் அது உதவவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் விஷயத்தைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கழன்று தொங்கிய வயரை இழுத்து ஒரு மூலையில் போட்டேன்.

"ஒரு பட்டன்ணா. ஆன்ட்டி வந்து ஒரு செகண்ட்ல அமுக்கிட்டுப் போவாங்க. என்னாத்துக்கு இவ்ளோ வீம்பு?"

"தண்ணி வேணும்னா கேக்குறேன். நகத்தி உக்கார வைக்கணும்னா கேக்குறேன். மூக்குல ஈ உக்காந்தாலும் கேக்குறேன். வேலைக்குப் போறதுக்கும் ஒருத்தர கேக்கணுமா? நீ ஆபீசுக்குப் போக யார கேட்டுட்டுப் போற?"

வயரை எடுத்து மறுபடி ஒட்டினேன். கோபம் மட்டும் போகவில்லை, அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் அவன் போனில் படித்துக்கொண்டே இருந்தான். காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவன்தான். கரண்ட் முழுதாகப் போய் வந்தால், சிக்னலுக்காகக் கணினிக்குள் விழித்திருக்கும் பகுதியும் தூங்கிவிடுகிறதாம். கரண்ட் திரும்பியதும் கணினி தானாகவே கிளம்பும்படி ஒரு செட்டிங் இருக்கிறது, அதையும் போட வேண்டும் என்றான். போட்டேன். சோதித்துப் பார்க்க மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டேன். கணினி தானாக உயிர்பெற்றது.

"இது தானா வருது. நீ எழுப்பலையே" என்றேன், விடாமல்.

"வரட்டும். நடுவுல நான் அணைச்சா, வேணும்கிறப்போ நானே எழுப்பிக்கிறேன். யாரையும் கேக்கலல்ல" என்றான்.

அந்த வாரமே ஒரு பெரிய பேட்டியை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கெடு நாளன்று காலையில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் கேட்டால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது என்றாள். கரண்ட் திரும்பியிருக்கும் என்று தோன்றியபோது அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் ஆன்ட்டியைக் கூப்பிட்டு, மேலே போய்ப் பார்த்து பட்டனை அமுக்கிவிடச் சொன்னேன்.

ஆன்ட்டி திரும்பக் கூப்பிட்டார். "உங்க அண்ணா மாத்தாடிக்கிட்டே, பேசிக்கிட்டே இருக்காரும்மா, கம்ப்யூட்டர்ல எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு. என்ன ஆன்ட்டின்னு கேட்டாரு. பட்டன் அமுக்க வந்தேன்னேன். சும்மா பாக்க வந்திருந்தா உக்காருங்க, அதுக்குன்னா பேடான்னுட்டாரு."

நான் ஆபீஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று வேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பாராட்டு கிடைக்கவில்லை, திட்டுதான் கிடைத்தது. வேலை நேரத்தில் எதற்குப் போன் மேல் போன் போட்டாய், எதற்கு ஆன்ட்டியை அனுப்பினாய் என்று கேட்டான். தானும் ஆபீஸ் போய்விட்டு வந்த மனுஷன் மாதிரி கேட்டான்.

இப்போதும் மழை பிடித்தால் என் கை தானாகப் போனுக்குப் போகிறது. எடுக்கிறேன், அப்படியே வைத்துவிடுகிறேன். ஒருவருக்காக ஓடி ஓடிச் செய்வதை நான் எப்போதோ கற்றுக்கொண்டேன், ஓடாமல் இருந்த இடத்திலேயே இருப்பதைத்தான் இன்னும் ஒவ்வொரு மழைக்கும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.